ஜிமேட்டில் 645 போதுமா, மறுபடி எழுத வேண்டுமா?

கேள்வி: சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பொறியியல் பட்டம், மொத்தம் 61 சதவீதம். இரண்டாம் ஆண்டில் இரண்டு கணக்குத் தாள்களில் தோற்று, மறுபடி எழுதித்தான் தேறினேன். எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 595, இரண்டாம் முறை 645 (கணக்குப் பிரிவான க்வாண்டில் 77, மொழிப் பிரிவான வெர்பலில் 87, தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸில் 82). போன ஆண்டு நான்கு முன்னணி வணிகப் பள்ளிகளில் எம்பிஏவுக்கு விண்ணப்பித்தேன், ஒன்றிலிருந்துகூட நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. 615 எடுத்த என் நண்பருக்கு அவற்றில் இரண்டு பள்ளிகள் அழைப்பு அனுப்பின. மூன்றாம் முறை எழுதி 705 வாங்கினால் அழைப்பு வந்துவிடுமா? கல்லூரி மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாதே, அதை என்ன செய்வது? நிராகரித்த பள்ளிக்கே மறுபடி விண்ணப்பிக்கலாமா?

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். 645 மோசமான மதிப்பெண் இல்லை. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் மதிப்பெண் 205இல் தொடங்கி 805 வரை போகிறது. அதில் உங்கள் 645, 2024 ஜனவரியோடு நின்றுபோன பழைய தேர்வின் 700க்குச் சமம். அந்த 700ஐத் தொடுவதற்காகவே இரண்டு மூன்று முறை எழுதியவர்களை எனக்குத் தெரியும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நான்கு பள்ளிகளும் உங்களை ஒதுக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் சந்தேகப்படுவது அந்த 77ஐ. ஒவ்வொரு பிரிவுக்கும் 60 முதல் 90 வரை மதிப்பெண். வெர்பலில் 87 என்பது மிக மேலே, டேட்டா இன்சைட்ஸில் 82 என்பதும் நல்ல இடம், ஆனால் க்வாண்டில் 77 வாங்கினால் எழுதுகிறவர்களில் ஏறக்குறைய நடுவில்தான் நிற்கிறீர்கள். அது தனியாக இருந்திருந்தால் பெரிய விஷயமில்லை. உங்கள் விண்ணப்பத்தில் அது தனியாக இல்லை, இரண்டாம் ஆண்டில் தோற்ற கணக்குத் தாள்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. படிக்கிறவருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படாது.

ஆலோசகராக வருவதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு வணிகப் பள்ளியின் சேர்க்கைக் குழுவில் விண்ணப்பங்களைப் படிக்கிற வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்வதானால், மதிப்பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: இவர் உள்ளே வந்தால் முதல் ஆண்டுப் பாடங்களில் திணறுவாரா, மாட்டாரா? புள்ளியியல், கணக்கியல், நிதி, பொருளாதாரம் என்று முதல் சில மாதங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும். 1950களில் சில வணிகப் பள்ளிகள் கூடி ஜிமேட்டை உண்டாக்கியதே, அந்த முதல் ஆண்டை யார் தாங்குவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கத்தான். கல்லூரி மதிப்பெண் பட்டியலையும் அதே கண்ணோடுதான் பார்ப்போம். பதில் "மாட்டார்" என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ரெஸ்யூமே, கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று போய்விடுவோம், திரும்பி வந்து மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. பதில் தெரியாமல் தொங்கினால் அது கடைசிவரை கூடவே வரும், எவ்வளவு அழகான கட்டுரையாக இருந்தாலும் "எல்லாம் சரி, ஆனால் கணக்கு?" என்று மேசையில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

உங்கள் நண்பருக்கு 615லும் அழைப்பு வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவருடைய பிரிவு மதிப்பெண்களையும் கல்லூரி மதிப்பெண்ணையும் நீங்கள் எழுதவில்லை. அவர் க்வாண்டில் 83, 84 வாங்கியிருந்து, கல்லூரியிலும் கணக்குத் தாள்களில் நன்றாகச் செய்திருந்தால், உங்களைவிட 30 புள்ளி குறைந்தாலும் அவரைப் பற்றிய கேள்வி மூடிவிட்டது, உங்களைப் பற்றியது திறந்தே கிடக்கிறது. அதற்கு மேல், அவர் எந்தத் துறையிலிருந்து வருகிறார் என்பதும் இருக்கிறது. ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி வேலை என்று வருகிறவர்கள் கூட்டமாக இருந்தால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒப்பிடுகிறார்கள். பொறியாளர்கள் நிறைய. இசைக் கலைஞரோ செவிலியரோ அவ்வளவு இல்லை. ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு பேரிடம் இரண்டு மதிப்பு இருப்பது கேட்க நியாயமாக இல்லைதான், ஆனால் வகுப்பில் பலதரப்பட்டவர்கள் இருந்தால்தான் அங்கே நடக்கிற விவாதத்துக்கு உயிர் இருக்கும் என்பதையும் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி 705. அதை வாங்கினால் அழைப்பு நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் படித்த விண்ணப்பங்களில் ஒன்று இன்னும் நினைவிலிருக்கிறது. தேர்வில் கிட்டத்தட்ட உச்சம், கல்லூரியில் முதல் வரிசை, ஆனால் ஆறு ஆண்டு வேலையைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரியும் "பொறுப்பு வகித்தேன்", "பங்கேற்றேன்" என்றே முடிந்தது. அவர் இருந்ததால் எது மாறியது என்று இரண்டு பேர் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அழைக்கவில்லை. அதே வாரத்தில் மதிப்பெண் குறைவாக இருந்த இன்னொருவரை அழைத்தோம், அவர் தன் குழு செய்த ஒரு தவறை எப்படிக் கண்டுபிடித்தார், மேலதிகாரியிடம் எப்படிப் போய்ச் சொன்னார் என்பதைப் படித்தபோது நேரில் பேசிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கே தோன்றிவிட்டது. நேர்காணல் அழைப்பு என்பது பெரும்பாலும் அந்த ஆசையிலிருந்துதான் பிறக்கிறது.

இதற்காக மொத்த மதிப்பெண்ணுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவும் முடியாது. தரவரிசை ஒரு காரணம். அமெரிக்காவின் யுஎஸ் நியூஸ் வெளியிடுகிற வணிகப் பள்ளிப் பட்டியல், சேர்ந்த மாணவர்களின் ஜிமேட் மதிப்பெண்ணையும், அதற்குப் பதிலாக எழுதக்கூடிய ஜிஆர்இ தேர்வின் மதிப்பெண்ணையும், கல்லூரி ஜிபிஏவையும் (பாடங்களின் சராசரித் தரப் புள்ளி) கணக்கில் எடுக்கிறது, அதனால் அந்தப் பட்டியலைப் பெரிதாக மதிக்கிற பள்ளிகளுக்குத் தங்கள் சராசரி இறங்கிவிடக் கூடாது என்ற கவலை உண்டு. ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் பட்டியல் ஜிமேட்டை எடுப்பதில்லை, வேலைக்குப் பிறகான சம்பளம் போன்றவற்றுக்கு அதிக இடம் கொடுக்கிறது. எல்லாமே சமமாக இருக்கிற இரண்டு பேரில் ஒருவரைத்தான் அழைக்க முடியும் என்றால் கூடுதல் மதிப்பெண் உள்ளவர் பக்கம் தராசு சாயும். அப்புறம், ஆலோசனை நிறுவனங்களிலும் முதலீட்டு வங்கிகளிலும் சில, வேலைக்கு எடுக்கும்போதே ஜிமேட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. எம்பிஏ முடித்து அங்கே போகிற எண்ணம் இருந்தால் மதிப்பெண்ணை உயர்த்துவதில் இன்னொரு பயனும் உண்டு.

சராசரியைப் பார்த்துப் பயந்தீர்களா என்று தெரியவில்லை, பலர் பயப்படுகிறார்கள். பழைய ஜிமேட் காலத்தில் ஹார்வர்டு வகுப்பின் நடுமதிப்பு 730, 740 என்று இருக்கும், அதைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை மூடிவைத்தவர்கள் உண்டு. நடுமதிப்பு 740 என்றால் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் 740 அல்லது அதற்குக் கீழே எடுத்து உள்ளே வந்தவர்கள் என்றுதானே அர்த்தம்? பல பள்ளிகள் நடு 80 சதவீதத்தினரின் மதிப்பெண் எதிலிருந்து எதுவரை என்று வெளியிடுகின்றன, அதைப் பாருங்கள். அந்த எல்லைக்குள் நன்றாக உள்ளே இருந்தால் மதிப்பெண்ணை மறந்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். கீழ் விளிம்பில் இருந்தால் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் உங்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். விளிம்புக்கும் கீழே போய்விட்டால், அங்கே வந்த பத்துச் சதவீதத்தினரிடம் பெரும்பாலும் வேறு ஏதோ அபூர்வமான ஒன்று இருந்திருக்கும். போன ஆண்டு நீங்கள் விண்ணப்பித்த நான்கும் முன்னணிப் பள்ளிகள் என்கிறீர்கள். இந்த முறை நான்கில் இரண்டு பள்ளிகளாவது உங்கள் மதிப்பெண் நடுவில் வந்து விழுகிறவையாக இருக்கட்டும்.

மூன்றாம் முறை எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம், ஆனால் குறி 705ஆக இருக்கக் கூடாது. க்வாண்ட் 77ஐ 82, 83 ஆக்குவதுதான் குறி. மற்ற இரண்டும் அப்படியே நின்றால் அதிலேயே மொத்தம் 680ஐ ஒட்டி வந்துவிடும். மறுபடி எழுதுவதில் உங்களுக்கு நஷ்டமில்லை. 16 நாள் இடைவெளி விட்டால் போதும், 12 மாதத்தில் ஐந்து முறைவரை எழுதலாம், மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும், மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எதை அனுப்புவது என்று முடிவுசெய்கிற வசதியும் இப்போது இருக்கிறது. பல முறை எழுதியதற்காக ஒருவரை நாங்கள் குறைத்து மதித்ததில்லை. மேலே போன மதிப்பெண்ணைப் பார்த்தால் இவர் விடாமல் முயல்கிறவர் என்றுதான் நினைப்போம்.

க்வாண்டில் 45 நிமிடத்தில் 21 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது, புதிய தேர்வில் வடிவியலும் கிடையாது. எண்கள், விகிதம், சதவீதம், இயற்கணிதம், எண்ணும் முறைகள் என்று பாடப் பரப்பு சின்னதுதான். நீங்கள் எழுதிய இரண்டு தேர்வுகளிலும் நேரம் போதாமல் கடைசிக் கேள்விகளை ஊகித்தீர்களா, அல்லது நேரம் இருந்தும் தவறினீர்களா என்று முதலில் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. நேரம்தான் சிக்கல் என்றால் ஜிஆர்இ மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்க்கலாம், அதன் கணக்குப் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. இரண்டில் எதையும் ஏற்றுக்கொள்ளும் பள்ளிகள்தான் அதிகம். ஆனால் ஜிஆர்இ கணக்கில் நிறையப் பேர் உச்சத்தைத் தொடுகிறார்கள் என்பதால் அங்கே இரண்டு மூன்று தவறுகூட உங்கள் பெர்சன்டைலை, அதாவது எத்தனை சதவீதம் பேரைவிட நீங்கள் மேலே என்பதை, நன்றாக இறக்கிவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் படித்தும் மாதிரித் தேர்வில் க்வாண்ட் 79ஐத் தாண்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்த மாலை நேரங்கள் கட்டுரைக்கு வேண்டும்.

கல்லூரி மதிப்பெண் விஷயத்தில் உங்களுக்கு இருக்கிற வருத்தம் புரிகிறது. 61ஐ 71ஆக்க முடியாதுதான். ஆனால் அதைப் படிக்கிறவர் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டுப் போவதில்லை, ஒவ்வொரு பருவமாக, ஒவ்வொரு தாளாகப் பார்க்கிறார். முதலில் சரிந்து பிறகு ஏறிய பட்டியலும், முதலில் ஏறிப் பிறகு சரிந்த பட்டியலும் ஒரே மொத்தத்தில் முடிந்தாலும் எங்களுக்கு அவை ஒன்றல்ல. கடைசி இரண்டு ஆண்டுகளில் உங்கள் மதிப்பெண் ஏறியதா என்று நீங்கள் எழுதவில்லை. ஏறியிருந்தால் அது உங்களுக்குச் சாதகம். இன்னொன்று, சதவீதத்தை நீங்களாகவே நாலுக்கு இத்தனை ஜிபிஏ என்று மாற்றிப் போடாதீர்கள். பள்ளி கேட்டால் ஒழிய, உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த அளவிலேயே கொடுங்கள். 61 எங்கே சாதாரணம், எங்கே நல்ல மதிப்பெண் என்பது பல ஊர்ப் பட்டியல்களைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், நாமே 25ஆல் வகுத்து 2.44 என்று எழுதிவைத்தால் நம் கையாலேயே நம்மைக் குறைத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

பழைய பட்டியலை மாற்ற முடியாவிட்டாலும் பக்கத்தில் ஒரு புதிய பட்டியலை வைக்கலாம், உங்கள் நிலையில் நான் மிக அதிகமாக நம்புவது இதைத்தான். மதிப்பெண்ணோடு சான்று தருகிற ஒரு புள்ளியியல் பாடமோ கால்குலஸ் பாடமோ இணையவழியில் எடுங்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு போன்ற இடங்களில் ஏ, பி என்று தரம் போட்டு இப்படிப் பாடங்கள் இருக்கின்றன. ஹார்வர்டின் இணையவழிப் பள்ளி 2014இலிருந்து நடத்துகிற கோர் என்ற திட்டத்தில் வணிகப் பகுப்பாய்வு, மேலாளர்களுக்கான பொருளாதாரம், நிதிக் கணக்கியல் என்று மூன்று பாடங்கள், கிட்டத்தட்ட எம்பிஏ முதல் ஆண்டின் முன்னோட்டம் மாதிரி. பார்த்து முடித்ததற்கான சான்றிதழ் மட்டும் தருகிற வகுப்பு வேண்டாம், தேர்வும் தரமும் இருக்க வேண்டும். இருபது வயதில் கணக்கில் தோற்றவர் இருபத்தேழு வயதில், வேலையும் பார்த்துக்கொண்டு, புள்ளியியலில் முதல் தரம் வாங்கினார் என்றால் படிக்கிறவர் மனதில் எடை போடுவது எதை என்று நினைக்கிறீர்கள்? நிச்சயம் புதியதைத்தான்.

அந்த இரண்டு தாள்களைப் பற்றி விளக்கம் எழுதத்தான் வேண்டும். அநேகமாக எல்லா விண்ணப்பத்திலும் கூடுதல் தகவலுக்கு என்று ஒரு பகுதி இருக்கும், போன முறை அதை வெறுமையாக விட்டீர்களா என்று எனக்குச் சந்தேகம். வெறுமையாக விட்டால் படிக்கிறவர் தானாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார், அது உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும். நீளமாக எழுதவும் வேண்டாம். ஒருவர் இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார், படித்து முடிக்கும்போது மதிப்பெண்ணைவிட அந்த இரண்டு பக்கம்தான் எங்களைக் கவலைப்பட வைத்தது. என்ன நடந்தது என்று ஒரு வரி, அதில் உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி. ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம், கல்லூரியைக் குறை சொல்ல வேண்டாம். சோம்பலாக இருந்தேன் என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள், அதை எழுதத் துணிகிறவர்கள் குறைவு.

தேர்விலிருந்து விலக்குக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். 2020க்குப் பிறகு விலக்குத் தருகிற பள்ளிகள் பெருகிவிட்டன. கல்லூரியில் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் கல்லூரிப் பட்டியல் கிளப்புகிற சந்தேகத்துக்குப் பதில் சொல்லப்போவதே இந்த மதிப்பெண்தானே.

அழைப்பு வந்த பிறகு மதிப்பெண் என்ன ஆகும் என்றால், அது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஹார்வர்டில் நேர்காணல் செய்பவர் உங்கள் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டுத்தான் உட்காருவார், அரை மணி நேரத்தில் இரண்டாம் ஆண்டைப் பற்றியும் கேட்கலாம். சிகாகோ பூத்தில் அவர் கையில் உங்கள் ரெஸ்யூமே மட்டும் இருக்கும், ஜிமேட் எவ்வளவு என்றே அவருக்குத் தெரியாது. இன்சியாடில் முன்னாள் மாணவர்கள் இரண்டு பேரைத் தனித்தனியாகச் சந்திக்க வேண்டும். வார்ட்டனில் ஐந்தாறு பேரை ஒரே குழுவாக உட்காரவைத்து 35 நிமிடம் ஒரு விஷயத்தைப் பேசச் சொல்லிவிட்டு, பிறகு பத்து நிமிடம் தனியாகப் பேசுகிறார்கள். எந்த வகையாக இருந்தாலும் கடைசி முடிவுக்கு எல்லாத் தாள்களும் திரும்ப மேசைக்கு வரும். அதனால் அந்த நான்கு வரி விளக்கத்தை வாயாலும் சொல்லிப் பழகுங்கள், குரல் இறங்காமல், அவசரப்படாமல். கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக எடுக்க வேண்டாம்.

நிராகரித்த பள்ளிக்கே தாராளமாக மறுபடி விண்ணப்பிக்கலாம். போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் என்ன மாறியது என்று மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள், சில பள்ளிகள் அதற்கென்றே தனியாக ஒரு சின்னக் கட்டுரை கேட்கும். உயர்ந்த க்வாண்ட் மதிப்பெண்ணும் புதிய பாடத்தின் தரமும் கையில் இருந்தால் எழுத விஷயம் இருக்கும், இல்லாமல் அதே விண்ணப்பத்தை மெருகேற்றி அனுப்பினால் அதே பதில்தான் வரும். விண்ணப்பங்களின் முதல் சுற்று பெரும்பாலும் செப்டம்பரில் முடியும், இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்தில். பாடத்தின் தரம் செப்டம்பருக்குள் வராது என்றால் இரண்டாம் சுற்றுக்கே போங்கள், அரைகுறையாக முதல் சுற்றில் போவதைவிட அது மேல்.

கடைசியாக, பரிந்துரைக் கடிதம். சரக்குப் போக்குவரத்து என்கிறீர்கள், அந்த வேலையில் எண் இல்லாத நாளே இருக்காது. எந்த வண்டி எந்த வழியில் போனால் எவ்வளவு மிச்சம், அடுத்த மாதம் எவ்வளவு சரக்கு வரும் என்று நீங்கள் போட்ட கணக்கு எதையாவது நிறுவனம் நம்பி நடந்திருக்கும் இல்லையா? அதை நேரில் பார்த்த மேலதிகாரிதான் உங்களுக்குப் பரிந்துரை எழுத வேண்டும், பதவியில் பெரியவர் என்பதற்காக உங்கள் வேலை தெரியாத ஒருவரிடம் போகாதீர்கள். கடிதத்தை நீங்கள் எழுதிக்கொடுக்கக் கூடாது, ஆனால் அந்தக் கணக்குகள் எவை, அவற்றால் என்ன ஆயிற்று என்று ஒரு பக்கத்தில் நினைவூட்டிக் கொடுக்கலாம். அவருக்கும் எழுத நேரம் வேண்டும், அதனால் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே, அவரிடம் போய்ப் பேசிவிடுங்கள்.